பித்தப்பை அறுவையில் பித்தக்குழாய் வெட்டுப்பட்டது: வழக்கு நிற்குமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்கு லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே செய்யும் அறுவை) மூலம் பித்தப்பையை அகற்றி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பி, காய்ச்சல் வந்தது, கண்ணும் மஞ்சளானது. போன் செய்தால், "கேஸ்தான், சரியாகிவிடும்" என்றார்கள். எட்டாம் நாள் வேறு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் பித்தக்குழாய் வெட்டுப்பட்டு, பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்திருப்பது தெரிந்தது. மீண்டும் பெரிய அறுவை. முதல் செலவைக் காப்பீடு ஏற்றது. இரண்டாவதற்கு நகையை அடகு வைத்தோம். பதினான்கு மாதமாகிறது. போலீசில் புகார் கொடுக்கலாமா? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே?
- வாசகர், தேனி மாவட்டம்

பதில்: போலீஸ் வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடர மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும், போலீசாரும் முதலில் சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த வழியில் போனால் உங்களுக்குக் கிடைப்பது அலைச்சல்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பணம் கொடுத்தது காப்பீட்டு நிறுவனம் என்றாலும் நீங்கள் நுகர்வோர்தான், 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே இது தீர்ந்த விஷயம்.

ஆனால் ஒன்று. "குழாயை வெட்டிவிட்டார்கள்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். கைதேர்ந்த மருத்துவரிடமும் அரிதாக நேரக்கூடிய சிக்கல் அது; எதிர்த் தரப்பு வழக்கறிஞர் மருத்துவ நூலை நீட்டி அதைத்தான் முதலில் சொல்வார். உங்கள் வழக்கின் உயிர் மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவில் இருக்கிறது. பித்தப்பை எடுத்தவருக்குக் காய்ச்சலும் மஞ்சளும் வந்தால் உடனே வரவழைத்து, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்திருக்க வேண்டும். போனிலேயே "கேஸ்" என்று முடித்ததற்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? அந்த அழைப்புகள் உங்கள் செல்போனில் இன்னும் இருந்தால் இன்றே படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனை எழுதி வைத்த முழு சிகிச்சைப் பதிவு. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அறுவைக் குறிப்பு, நர்ஸ்கள் எழுதிய தாள், பதிவு செய்திருந்தால் லேப்ராஸ்கோபி வீடியோ, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். அறுவைக் குறிப்பில் "ஒட்டுதல் அதிகம், அமைப்பு தெளிவாகத் தெரியவில்லை" என்று ஒரு வரி இருந்து, அதற்குப் பிறகும் வயிற்றைத் திறந்து செய்யாமல் தொடர்ந்திருந்தால், அறுவையைப் பற்றியும் பேச இடமுண்டு. இரண்டாவது மருத்துவமனையின் அறுவை நிபுணர் எழுதிய குறிப்பையும் வாங்குங்கள். அவர் சாட்சி சொல்லத் தயங்கலாம். அவர் கையால் எழுதியது தயங்காது.

கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சம்மதம் அறுவைக்குத்தான், அலட்சியத்துக்கு அல்ல. "எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்று அச்சடித்த வரியும் அவர்களைக் காப்பாற்றாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். உங்களிடம் பத்து மாதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் தேனி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் என எந்த நிலை ஆணையம் என்பதை முடிவு செய்வது சிகிச்சைக்குச் செலுத்திய தொகைதான், நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல. அந்தத் தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டாவது அறுவையின் பில்லோடு நகை அடகு ரசீதையும், வட்டி கட்டிய சீட்டுகளையும் மனுவோடு சேர்த்து வையுங்கள்.