பெரட்டுக் களத்து வசவு

அன்புள்ள ஐயா,

உங்கள் கதைகளை விரும்பிப் படிப்பவள் நான். ஆனால் கடைசியாக வந்த கதையை என் மகனிடம் கொடுக்க முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கெட்ட வார்த்தை. அவன் மூன்றாம் படிவம் படிக்கிறான். கைப்பேசியில் விளையாடும்போது அவன் வாயில் வருவதைக் கேட்டாலே காது கூசுகிறது. தமிழ், மலாய், கண்டோனீஸ், ஆங்கிலம் என்று எல்லாம் கலந்து வருகிறது. கண்டித்தால், "எல்லாரும் இப்படித்தாம்மா பேசுறாங்க" என்கிறான். என் கணவர் சிரிக்கிறார். திட்டுகிறவர்கள் மனதில் கள்ளம் இல்லாதவர்கள் என்று ஏதோ ஆய்வே சொல்கிறதாம். நாங்கள் கௌரவமான குடும்பம். என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் வாயிலிருந்து ஒரு தகாத சொல் வந்து யாரும் கேட்டதில்லை. என் பிள்ளை மட்டும் எஸ்டேட் ஆட்கள் மாதிரி பேசுகிறான். அவனை எப்படித் திருத்துவது? எழுத்தாளர்களே இப்படி எழுதினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பெயர் வேண்டாம்.
கெப்போங், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம். ஆறட்டும் என்று விட்டுவைத்தேன், ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கொஞ்ச காலமாக நானும் வசவுகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உங்கள் கணவரின் ஆய்வு. கள்ளமில்லாத மனம், நேர்மை என்பதையெல்லாம் நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய ஃபிராடுகள் சிலர் வாய் நிறையத் திட்டுகிறவர்கள்தான். எனக்குப் பிடித்த ஆய்வு வேறு. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்பவர் மாணவர்களின் கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லிச் சோதித்தார். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். இது 2009இல். பிறகு 2011இல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள்: தினமும் ஓயாமல் திட்டுகிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். கட்டிலில் காலை இடித்துக்கொள்ளும் நாளுக்காகக் கொஞ்சம் மிச்சம் வைக்கட்டும்.

பல மொழி கலந்து திட்டுகிறான் என்கிறீர்கள். இந்த நாட்டில் வளர்கிற பிள்ளை வேறு எப்படித் திட்டுவான்? பினாங்கில் ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்கு ஒருநாள் காலையில் வந்து பாருங்கள். மீன் விற்கிற சீனக் கிழவரும் எங்கள் ஆள் ஒருவரும் ஹொக்கியன் சீனத்தில் ஒருவர் தாயை ஒருவர் இழுத்துவிட்டு, சேர்ந்து உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். அந்த வசவுக்கு நல்லா இருக்கியா என்பதற்கு மேல் பொருள் கிடையாது. ஒரு நாள் ஒருவர் திட்டாமல் போனால் மற்றவர் கவலைப்படுவார். அது கிடக்கட்டும்.

என்னைத் தைத்தது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த மூன்று சொல். 'எஸ்டேட் ஆட்கள் மாதிரி.'

நான் எஸ்டேட் ஆள் அம்மா. நிபோங் திபால் பக்கம், லயத்து வீட்டில் பிறந்தவன். குழாயடிச் சண்டையில் பெண்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தவன். தோட்டத்துச் சனம் தேன் சொட்டப் பேசியது என்று நான் புளுக மாட்டேன். ஆனால் அந்தச் சொற்களை அவர்கள் யாரிடமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? விடியுமுன்னே வேலையாட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவருகிற பெண் கொஞ்சம் பிந்தினால், அத்தனை பேர் முன்னிலையில், வேலை வாங்குகிற தண்டல் திட்ட ஆரம்பிப்பார். அவளையும் அவள் தாயையும், சில நாள் அவள் சாதியையும். தண்டலைக் கிராணி திட்டுவார். கிராணியைத் துரை இங்கிலீஷில் திட்டுவார். கடைசியில் நிரையில் நிற்கிறவளுக்குத் திருப்பித் திட்ட யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் திட்டுவாள். நாங்கள் பேசக் கற்றுக்கொண்டது அப்படி.

உங்கள் தாத்தா வாயில் தகாத சொல் வந்ததில்லை என்கிறீர்கள். வீட்டில் வந்திருக்காது. அவரை எனக்குத் தெரியாது, தங்கமான மனிதராகவும் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட கிராணிமாரும் உண்டு, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு கிராணிதான். ஆனால் கிள்ளான் என்று எழுதிவிட்டீர்கள். கிள்ளான் என்றாலே எனக்கு 1941 நினைவுக்கு வந்துவிடும். அந்த ஆண்டு அந்த வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைத் தேடிப் படியுங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள், சரி. அதோடு என்னென்ன கேட்டார்கள்? வெள்ளைக்காரரோ தோட்ட அலுவலரோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக்கூடாது. கொடுமை செய்கிற அலுவலர்களை நீக்கிவிட்டுத் தமிழ் பேசுகிறவர்களைப் போட வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். எங்களை மனிதராக நடத்து என்பதுதான் இதில் பாதி. மே மாதம் தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்தார்கள், பட்டாளம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். இந்தச் சனத்தைத்தான் நீங்கள் நாக்கு சுத்தமில்லாதவர்கள் என்கிறீர்கள்.

என் பெரியம்மா பால்மரம் வெட்டியவர். அதிகம் பேச மாட்டார். எங்களைத் திட்ட வேண்டுமென்றால் 'சனியனே' என்பார், அதுவும் சிரித்துக்கொண்டே. தோட்டத்தை விற்ற பிறகு பினாங்கில் எங்களோடு வந்து இருந்தார். ஒருநாள் பக்கவாதம் அடித்து வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. பிறகு மெல்ல ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. படு கெட்ட வார்த்தை. அதைக் கதையில் எழுதுவேன், பெரியம்மாவைப் பற்றிச் சொல்லும்போது எழுத மாட்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் அதையே சொல்வார். பேரப்பிள்ளையைத் தடவிக்கொடுத்தபடி அதையே சொல்வார். பார்க்க வந்த கோயில் கமிட்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் மனைவி வெட்கத்தில் கதவைச் சாத்தினாள்.

டாக்டர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் நாமே யோசித்துக் கோத்துப் பேசுகிற பேச்சு போய்விடும், ஆனால் பாட்டு, எண்ணிக்கை, சாமி பேர், வசவு போன்றவை சிலருக்குத் தங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஏன் அந்தச் சொல் மட்டும் என்பதற்கு டாக்டரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் பெரட்டில் அவர்மேல் எறியப்பட்ட சொல் அது. அவர் அதை ஒருமுறைகூட யார்மேலும் திருப்பி எறிந்ததில்லை. இது மருத்துவம் இல்லை, நிரூபிக்கவும் என்னால் முடியாது. ஆனால் யார் வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், எந்தச் சொல் என்பதை விட்டுவிட்டு யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று பாருங்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அண்மையில் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, சுத்தமான தமிழ், முதலாளி. தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்கிற, கிட்டத்தட்டத் தன் வயதுள்ள மனிதரை 'டேய் இங்க வாடா, கண்ணு தெரியலையாடா' என்கிறார். அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் துடைத்தார். மார்க்கெட்டில் மீன்காரர் சொல்கிற அசிங்கத்தைவிட எனக்கு அதுதான் அசிங்கமாகப் பட்டது. உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

கைப்பேசி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2024இல் கோலாலம்பூரில் நம் பெண் ஒருவர், டிக்டாக்கில் விழுந்த வசவுகளையும் மிரட்டல்களையும் தொடர்ந்து உயிரிழந்தார். திட்டியவர்களில் ஒருவருக்கு 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் 100 ரிங்கிட் அபராதம். அந்தப் பிரிவில் போடக்கூடியது அவ்வளவுதான். ஊரே கொதித்தது. பகடிவதைக்கென்று தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் 2025இல் நடப்புக்கு வந்தன. தோட்டம் போய்விட்டது, பெரட்டுக் களம் கைக்குள் வந்துவிட்டது. ஒருத்தியை நிற்கவைத்து, சுற்றி நின்று கேட்கிறோம்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன், பாதி மறந்தேவிட்டேன். கூட்டாளிகளோடு விளையாடும்போது அவனும் திட்டி அவர்களும் திட்டினால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் கூடாது என்றால் கூடாதுதான், அது உங்கள் வீடு. ஆனால் தோற்றுப்போன பையனை எல்லாருமாகச் சேர்ந்து துரத்தித் துரத்தித் திட்டுகிறார்களா? ஒரு பெண்பிள்ளை விளையாட வந்தால் இவன் வாயில் என்ன வருகிறது? கீழே கேட்டில் நிற்கிற நேப்பாளி காவலாளியிடம் எப்படிப் பேசுகிறான்? அங்கே பிசகினால் கைப்பேசியைப் பிடுங்குங்கள், நான் உங்கள் பக்கம்.

என் கதையில் ஒரு சொல்லையும் எடுக்கப் போவதில்லை. தண்டல் பெரட்டில் நின்று 'அம்மணி, சற்று விரைந்து வாருங்கள்' என்று கூப்பிட்டதாக எழுதச் சொல்கிறீர்களா? பையனுக்கு இப்போது கொடுக்க வேண்டாம் என்று தோன்றினால் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எப்படியும் நாற்காலி போட்டு ஏறி எடுத்துப் படிப்பான்.

உங்கள் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.