வேலை, குடும்பம், உடல்நலம் எல்லாவற்றையும் சமமாகக் கவனித்து நிறைவாக வாழ முடியுமா?

தினமும் சமமாக என்றால் முடியாது. முயன்று தோற்றவன் சொல்கிறேன். ஒரு நோட்டில் வேலை, குடும்பம், உடம்பு, நண்பர்கள் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு வந்தேன். இரண்டே வாரத்தில் அது மகளின் ஓவிய நோட்டாகிவிட்டது.

கும்பகோணத்தில் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல். ஜூலை 31-க்குள் சம்பளக்காரர்களின் வருமானவரிக் கணக்கு, செப்டம்பர் 30-க்குள் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31-க்குள் தணிக்கை முடிந்தவர்களின் கணக்கு. அந்த நாலு மாதமும் எனக்கு பேலன்ஸ் என்பது பேலன்ஸ் ஷீட்டில் மட்டும்தான்.

கிராமத்தில் அப்பா விவசாயி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் வீட்டில் பேச்சே மாறிவிடும். நடவு நாட்களில் பழைய சோறும் ஊறுகாயும்தான், யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தையில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுப்பு முடிந்தால் மூச்சு விடலாம். பங்குனி, சித்திரையில் கல்யாணம், திருவிழா, மரத்தடிச் சீட்டாட்டம். வருஷக் கணக்கில் பார்த்தால் எதுவும் விடுபடவில்லை.

சரி, நாமும் அப்படியே இருப்போம் என்று எல்லாவற்றையும் "சீசன் முடியட்டும்" என்று தள்ளினேன். ஒரு செப்டம்பரில் ஊருக்குப் போனால், அப்பாவின் காலில் ஆறாத புண். சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வாங்கி வருவதாகச் சொன்னவன் நான்தான்.

"ஏம்ப்பா சொல்லல?"

"நீதான் சீசன்னியே." கொஞ்ச நேரம் கழித்து, "நடவுன்னு மாட்டுக்குத் தண்ணி காட்டாம இருந்தமாடா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

வயலுக்குத்தான் பருவம், மாட்டுக்குக் கிடையாது என்பதை அந்த வீட்டிலேயே வளர்ந்தும் மறந்திருந்தேன். இப்போது என் மாடுகள் மூன்று: அப்பாவின் மாத்திரை, இரவில் மகளோடு கால் மணி நேரம், ஆறு மணி நேரத் தூக்கம். செப்டம்பர் 29 அன்றும் இவற்றில் கை வைப்பதில்லை. நடைப்பயிற்சி, நண்பர்கள், சினிமா எல்லாம் நவம்பருக்குப் போகும். ஆனால் நவம்பரில் அந்தப் பாக்கியைத் தீர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் சால்ஜாப்பு. அதனால் நவம்பர் முதல் வார லீவை ஜூனிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆடிட்டர் முணுமுணுப்பார், கையெழுத்தும் போடுவார்.

வருஷம் முழுக்கவே சீசனாக ஓடும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே மாற்ற வேண்டியது வேலையைத்தான்.

அப்புறம், நிறைவு. எனக்கு அது பெரும்பாலும் நவம்பர் லீவில் வருவதில்லை. செப்டம்பர் இரவு ஒன்பதரைக்கு, வகுப்பில் நடந்த சண்டைக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு மகள் போனில் "மீதி நாளைக்குப்பா" என்பாள். அப்போது வரும். அப்புறம் மறுபடி கம்ப்யூட்டர்.