ஸ்பேம் தொல்லை: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், தினமும் ஸ்பேமைத் தேடித் தேடி டெலீட் செய்கிறேன். குறையவே மாட்டேன் என்கிறதே?

பதில்: டெலீட் செய்தால், ஸ்பேமைப் பிரித்தெடுக்கும் ஃபில்டருக்கு ஒன்றும் தெரியாது. படித்து முடித்த நல்ல மெயிலையும் நாம் அப்படித்தானே நீக்குகிறோம்? ஜிமெயிலில் 'ரிப்போர்ட் ஸ்பேம்', தண்டர்பேர்டு மெயில் செயலியில் 'ஜங்க்' என்று குறியுங்கள்.

கேள்வி: தண்டர்பேர்டில் அதைத்தான் செய்கிறேன். இப்போது நல்ல மெயிலும் ஜங்க்கில் விழுகிறது!

பதில்: பாதிப் பாடம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஃபில்டர் பேயஸ் என்ற நிகழ்தகவு முறையில் வேலை செய்வது. 2002இல் பால் கிரஹாம் என்ற கணினி நிரலாளர் விளக்கி எழுதிய பிறகு பரவலான முறை இது. ஒரு சொல் உங்களுக்கு வந்த ஸ்பேமில் எவ்வளவு அடிக்கடி வருகிறது, நல்ல மெயிலில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து வாய்ப்பைக் கணக்கிடும். மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு மருந்துப் பெயர்கள் நல்ல மெயிலிலும் வரும். மற்றவர்களுக்கு அதே பெயர்கள் பெரும்பாலும் ஸ்பேமில்தான். அதனால் நல்ல மெயில்களையும் 'நாட் ஜங்க்' என்று காட்டியே ஆக வேண்டும். மெயில் சர்வர்களில் ஸ்பேமை வடிகட்டும் ஸ்பேம்அசாசின் மென்பொருளின் பேயஸ் பகுதி, வழக்கமான அமைப்பில், 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் பார்க்கும்வரை வாயே திறக்காது.

கேள்வி: எங்கள் ஆபீஸ் சர்வரில் ஸ்பேம்அசாசின்தான். நிறைய தப்பி வருகிறது. மெயிலுக்கு அது தரும் மதிப்பெண் 5 ஆனால் ஸ்பேம் என்கிறது. அந்த எல்லையை 3 ஆக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம், நல்ல மெயிலும் சிக்கிவிடும். பத்து ஸ்பேம் உள்ளே வந்தால் எரிச்சல், அவ்வளவுதான். வாடிக்கையாளரின் ஆர்டர் ஒன்று காணாமல் போனால் நஷ்டம். முதலில், இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் எந்த டிஎன்எஸ் சேவையைச் சர்வர் கேட்கிறது என்று பாருங்கள். 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பேம் அனுப்புவோரைப் பதிந்து வைக்கும் ஸ்பேம்ஹாஸ் முதலிய தடைப்பட்டியல்கள் சரியான பதில் தராது. அவற்றால் ஸ்பேமுக்குச் சேர வேண்டிய மதிப்பெண்கள் சேராமலே போய்விடும். மெயிலின் தலைப்புத் தகவல்களில் (ஹெடர்) 'யூஆர்ஐபிஎல் பிளாக்ட்' (URIBL_BLOCKED) என்று இருந்தால் இதே கோளாறுதான். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி அதன் வழியாகக் கேட்க வையுங்கள். அப்புறம் எஸ்ஏ-லேர்ன் (sa-learn) கட்டளையால் இரண்டு வகை மெயிலையும் கற்றுக்கொடுங்கள். எல்லையில் கை வைப்பது அதற்குப் பிறகும் தேவையா என்று பார்ப்போம்.

கேள்வி: 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாமா? ஆபத்து என்கிறார்களே.

பதில்: நீங்களே பதிவு செய்த கடை, பத்திரிகை என்றால் தாராளமாக. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024இல் கூகுள் விதியே கொண்டுவந்தது. முன்பின் தெரியாத ஆள் அனுப்பியதை மட்டும் தொடாதீர்கள். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்கு உறுதியாகிவிடும்.

கேள்வி: அண்ணா, என் முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் மெயில். பிட்காயின் கேட்கிறான். என் பழைய பாஸ்வேர்டும் அதில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் தம்பி, பணமும் அனுப்பாதீர்கள். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுவது சுலபம். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு முறைகளும் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் இருக்கின்றன. பாஸ்வேர்டு பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்திருக்கும். அதை இன்னும் எங்காவது வைத்திருந்தால் இன்றே மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வு அழைப்பு ஸ்பேமில் கிடந்தது, தற்செயலாகப் பார்த்தேன். இனி என்ன செய்வது?

பதில்: ஜிமெயில் ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் வேலை தேடும் காலத்தில் தினமும் பாருங்கள். விண்ணப்பித்த நிறுவனங்களின் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) ஒரு ஃபில்டர் போட்டு, 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.