கடைசி வரிசை காய்வதற்கு மோட்டாரை மாற்ற வேண்டாம்

புது மோட்டார் வாங்காதீர்கள். போர்வெல் தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் விடும் உங்கள் வாழப்பாடி பாக்குத் தோப்பில், வடிகட்டியைக் கழுவிய பிறகும் கடைசி வரிசைகள் காய்கின்றன என்றால், பெரும்பாலும் சொட்டுவான்களில், அதாவது குழாயிலிருந்து தண்ணீரைச் சொட்டவிடும் சிறு பாகங்களில், உப்புப் படிந்திருக்கும். சேலம் பக்கத்துப் பாறைகளில் சுண்ணாம்பும் மக்னீசியமும் உண்டு. பல போர்வெல்களில் தண்ணீர் கடினமாகத்தான் வரும்.

மோட்டார் ஓடும்போது, காயும் வரிசையின் பக்கக் குழாயில் கடைசி மூடியைக் கழற்றுங்கள். தண்ணீர் பீறிட்டு வந்தால் அடைப்பு சொட்டுவானில்தான். வெறுமனே வழிந்தால் அழுத்தம் குறைவு. கசிவையும் வால்வையும் பாருங்கள்.

அடைப்பு என்றால் ஒரு சொட்டுவானை அறுத்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொருக்கின் மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, அமிலச் சுத்திகரிப்பு கைகொடுக்கும். கடைசிச் சொட்டுவானில் வரும் நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 4 அளவுக்கு இறங்கும்வரை அமிலம் செலுத்தி, இரவு முழுக்க நிறுத்திவைத்து, மறுநாள் மூடிகளைத் திறந்து அலசிவிடுங்கள். பழுப்பாக, வழவழவென்று இருந்தால் அது பாசியோ இரும்புப் படிவோ. வேறு மருந்து வேண்டும்.

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குளோரினை அருகில்கூட வைக்காதீர்கள்; கலந்தால் நச்சுப்புகை வரும். முழுதும் அடைத்துப்போன சொட்டுவானுக்குள் அமிலம் நுழையாது, அதை மாற்றத்தான் வேண்டும்.