நெட் போனால் ஆட்டமும் போச்சு: கேஸ் போடலாமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன், வயது 44. பள்ளிக்கூட நாளிலிருந்து வீடியோ கேம் ஆடுபவன். பதினான்கு மாதத்துக்கு முன் ஓர் ஆன்லைன் கடையில் ரூ.3,499 கொடுத்து ஒரு கேம் வாங்கினேன். தனியாக ஆடும் கதை விளையாட்டு, கூட ஆட இன்னோர் ஆள் தேவையே இல்லை. போன மழையில் எங்கள் தெரு கேபிள் அறுந்து ஐந்து நாள் நெட் இல்லை. போனிலும் சிக்னல் இல்லை. கரண்ட் இருந்தது, லீவும் இருந்தது. ஆனால் கேமைத் திறந்தால் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்று நின்றுவிட்டது. ஒன்பது மெயில் அனுப்பினேன். கடைசியில் முழுத் தொகையையும் கடையின் வாலட்டில் போடுவதாகச் சொன்னார்கள். பிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியிலும் டிஸ்பியூட் போட்டிருக்கிறேன். ஆபீஸ் நண்பர் கேமின் பூட்டை உடைக்கும் ஒரு கிராக் அனுப்பினார், இப்போது நெட் இல்லாமலே கேம் ஓடுகிறது! நெட் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் மழை பெய்கிறது. மழை, லீவு, ஒன்பது மெயில், வாடிக்கையாளர் சேவைப் பெண் பேசிய தொனி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுகிறேன். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நீங்கள் பணம் கட்டிய அன்று, கட்டுவதற்கு முன், ‘இந்த கேம் ஆட எப்போதும் நெட் வேண்டும்’ என்று அந்தப் பக்கத்தில் இருந்ததா, இல்லையா?

இருந்தது என்றால் வழக்கு இல்லை. கேமை எப்படிச் செய்வது என்பது அவர்கள் இஷ்டம். தனியாள் ஆட்டத்துக்கு சர்வர் எதற்கு என்பது நியாயமான கோபம்தான், ஆனால் சட்டம் அதைக் கேட்பதில்லை. இல்லை என்றாலோ, தெரியாதபடி ஒளித்து வைத்திருந்தாலோ கதை வேறு. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு சொல்கிறது. உங்கள் வழக்கு நின்றால் அந்த ஒற்றைக் காலில்தான் நிற்கும்.

நீங்கள் இணைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் ‘தனியாள் ஆட்டம்’. கீழே, எவ்வளவு ரேம், என்ன கிராபிக்ஸ் கார்டு என்ற பட்டியலின் கடைசி வரியில், ‘நெட்வொர்க்: பிராட்பேண்ட் இணைப்பு’. இது எனக்குப் பிடித்திருக்கிறது. டவுன்லோடு செய்ய நெட் வேண்டும் என்றுதான் எவரும் இதைப் படிப்பார்கள், ஆடும் ஒவ்வொரு நிமிடமும் வேண்டும் என்றல்ல. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டின் வலது மூலையில் தேதியைப் பார்த்தீர்களா? போன வாரம். நீங்கள் வாங்கியது பதினான்கு மாதம் முன்பு. அன்றைக்கும் பக்கம் இப்படித்தான் இருந்ததா? எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பணம் கட்டியதும் வந்த மெயில், அப்போதைய விளம்பரம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த மாதத்துப் பக்கம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒற்றைக் காலும் ஆட்டம் காணும்.

இரண்டு வருடக் கெடு, இ-தாக்கல், சென்னையில் குடியிருப்பதால் இங்கேயே போடலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கேமை ஆட அனுமதி தரும் லைசென்ஸ் ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் கோர்ட்டுக்கு இல்லை, நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றிருக்கிறதே என்று பயப்படுகிறீர்கள். வேண்டாம். நுகர்வோரை அப்படிக் கட்டிப்போட முடியாது என்று எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: ‘இந்த லைசென்ஸ் ஒப்பந்தமே அநியாயமானது’ என்று மனுவில் வீரமாக எழுதிவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதத்தை விசாரிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் உண்டு, நீங்கள் போகும் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அந்த ஒரு வரிக்காகவே மனு திரும்பி வரலாம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ‘நீங்கள் வாங்குவது லைசென்ஸ்தான்’ என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டத்தையும் அனுப்பியிருந்தீர்கள். நல்ல சட்டம். ஆனால் பார்க் டவுனில் இருக்கும் நம் நுகர்வோர் ஆணையத்தில் அது செல்லாது.

சரி, இப்போது உங்கள் கிராக். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான், நீங்களோ அதைத்தான் துருப்புச் சீட்டாக நினைக்கிறீர்கள்.

‘காசு கொடுத்து வாங்கிய கேம், அதை உடைத்து ஆடினால் என்ன தப்பு?’ என்று கேட்டு வரும் ஐந்தாவது ஆள் நீங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம் என்கிறது. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, கேம் ஆடும் நோக்கம்தான் என்று நான் வாதாடலாம், கொஞ்சம் எடுபடவும் செய்யும். ஆனால் நண்பர் அனுப்பியது வெறும் பூட்டு திறக்கும் சாவி இல்லை. லிங்கைப் பார்த்தேன், முழு கேமின் திருட்டுப் பிரதி அது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவு வரும்: ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்காக இல்லையென்றால் சிறை இல்லாமல் ஐம்பதாயிரத்துக்குள் அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த லிங்க் உங்களுக்கு ஆபீஸ் மெயிலில் வந்திருக்கிறது என்பதையும் கவனித்தேன். நண்பர் நல்ல மனசுக்காரர், புத்திதான் கொஞ்சம் கம்மி.

இதற்காக போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து வந்த ஒருவருக்கும் ஏறக்குறைய இதே வழக்கு. என்னிடம் வருவதற்கு முன்பே தானாக மனு போட்டிருந்தார். கேம் நெட் இல்லாமலும் ஓடும் என்று காட்ட, தன் லேப்டாப் திரையைப் படமெடுத்து ஆவணமாகச் சேர்த்திருந்தார். படத்தில் கதை எண்பது சதவீதம் முடிந்திருந்தது. மனுவில் அவர் எழுதியிருந்ததோ, ‘முதல் நாளிலிருந்தே என்னால் ஆட முடியவில்லை’ என்று. எதிர்த்தரப்பு வக்கீல் சத்தமே போடவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டி, “இவ்வளவு தூரம் யார் ஆடியது?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு கேம் பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தது என்ற பேச்சே எழவில்லை, இவர் சுத்தமான கையோடு வந்தாரா என்பதுதான் வழக்கு. பதினோரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் அரை நாள் லீவு. கடைசியில் மனுவை அவரே திரும்பப் பெற்றார்.

உங்கள் விஷயம் அதைவிட மோசம். எப்போதும் நெட் கேட்கும் கேம் என்றால், நீங்கள் என்றைக்கு எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், எப்போது மூடினீர்கள் என்ற பதிவு முழுக்க அவர்கள் சர்வரில் இருக்கும். நீங்களே 34 மணி நேரம் ஆடியதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கி டிஸ்பியூட் படிவத்திலோ, காரணம் என்ற இடத்தில் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பட்டியலில் பொருத்தமானது வேறு இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும், கிடைக்காத பொருளை 34 மணி நேரம் ஆடியவர் என்றுதானே அவர்கள் எழுதுவார்கள்? போதாக்குறைக்கு, டிஸ்பியூட் வந்தால் கணக்கையே முடக்கலாம் என்று இந்தக் கடைகளின் விதிகளில் பெரும்பாலும் இருக்கும். உங்கள் கணக்கில் இன்னும் அறுபது கேம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ரூ.3,499-க்காக அறுபதையும் பணயம் வைப்பீர்களா?

நெட் இல்லாமலும் ஓடவைக்க முடியும் என்று காட்டுவதற்குக் கிராக்கே தேவையில்லை. 2013-ல் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேம் நெட் இருந்தால்தான் ஓடும் என்று வந்தது. வெளியான வாரமே சர்வர் திணறி, வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். ஏன் இப்படி என்று கேட்டபோது கேமின் அமைப்பே அப்படித்தான் என்றார்கள் அதைத் தயாரித்தவர்கள். 2014 மார்ச்சில் அவர்களே ஓர் அப்டேட்டில் நெட் இல்லாமல் ஆடும் வசதியைக் கொடுத்தார்கள். இப்படி ஒரு பத்தி போதும். உங்கள் லேப்டாப்பை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

என் யோசனை: அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து லட்சமெல்லாம் கிடைக்காது. எல்லாம் கூடி வந்தால் கேமின் விலையும், சில ஆயிரம் இழப்பீடும், செலவுத் தொகையும். அதற்கும் அவர்கள் மேல்முறையீடு போகலாம். முழுத் தொகையைத் தர முன்வந்தோம், இவர்தான் மறுத்தார் என்ற மெயில் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. மன உளைச்சல் என்று நீங்கள் வாயைத் திறக்கும்போது அதைத்தான் நீட்டுவார்கள்.

முதலில் வங்கி டிஸ்பியூட்டைத் திரும்பப் பெறுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கமும் பணம் வாங்கினால் இரட்டை வசூல் ஆகிவிடும். கிராக்கை நீக்குங்கள். பின்னால் எப்போதாவது வழக்கு என்று போனால், பிரமாண வாக்குமூலத்தில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அப்புறம் ஒரு மெயில். இதுவரை போட்ட ஒன்பதும் வாடிக்கையாளர் சேவைக்குப் போனவை. இது குறைதீர் அலுவலருக்குப் போகட்டும், அவர் பெயரும் முகவரியும் கடையின் தளத்தில் இருந்தாக வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்து வைக்க வேண்டும். ‘பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னதை ஏற்கிறேன், வாலட்டில் வேண்டாம், நான் கட்டிய கார்டுக்கே அனுப்புங்கள்’ என்று நாலு வரி. அநியாயம், அராஜகம் எல்லாம் வேண்டாம். அசைந்து கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். அதற்கும் வாலட்தான் என்றால் வாலட்டையே வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்கள் மெயிலில் எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெரம்பூர்க்காரருக்கும் முதலில் முழுப் பணம் தருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். மனுவைத் திரும்பப் பெற்ற பிறகு அதைக் கேட்டுப் போனார். முப்பது நாள் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.