பண்ணையாருக்கும் சோழருக்கும் ஒரே சொல்லா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாத்தா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். அவர் பட்ட பாட்டைப் பேசும்போதெல்லாம் எங்கள் வீட்டில் 'நிலப்பிரபுத்துவம்' என்றுதான் சொல்வார்கள். இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு புத்தகம் சோழர் காலமே நிலப்பிரபுத்துவம் என்கிறது, இன்னொரு புத்தகம் இந்தியாவில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்கிறது. அப்படியானால் என் தாத்தா அனுபவித்ததற்கு என்ன பெயர்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் தாத்தா பட்ட பாட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தகராறு எல்லாம் அந்தச் சொல்லைப் பற்றித்தான். உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது நாலைந்து கை மாறிவிட்டது, ஒவ்வொரு கையிலும் வேறு வேறு வேலை பார்த்திருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபு தனக்காகப் போர் செய்யும் வீரனுக்கு நிலம் கொடுப்பார், வீரன் விசுவாசப் பிரமாணம் செய்வான். அப்படிக் கொடுத்த நிலத்துக்கு லத்தீனில் 'ஃபியூடம்' என்று பெயர். அந்தக் காலத்து ஆள் யாரையாவது நிறுத்தி 'நீங்கள் வாழ்வது எந்தச் சமூக அமைப்பில்?' என்று கேட்டிருந்தால் 'ஃபியூடலிசம்' (நாம் தமிழில் 'நிலப்பிரபுத்துவம்' என்பது இதைத்தான்) என்ற பதில் வந்திருக்காது, ஏனென்றால் அப்படி ஒரு சொல்லே அப்போது கிடையாது. பல நூற்றாண்டு கழித்துப் பழைய பத்திரங்களைப் புரட்டிய வழக்கறிஞர்கள்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலையெல்லாம் ஒரு முறைமையாகக் கட்டினார்கள். அதில் பிரபு இருக்கிறார், வீரன் இருக்கிறான். உழுகிறவன் அனேகமாக இல்லை.

அப்புறம் 1789 வந்தது. பிரான்சில் விவசாயிகள் பிரபுக்களின் மாளிகைகளில் புகுந்து பத்திரங்களைக் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்ட் 4 இரவு கூடிய தேசிய சபை அடுத்த சில நாட்களில் 'இந்த முறையை அடியோடு ஒழிக்கிறோம்' என்று ஆணை போட்டது. அந்த ஆணையின் இரண்டாவது பிரிவே புறாவைப் பற்றியது! பிரபுவின் புறாக்கூட்டிலிருந்து கிளம்பும் பறவைகள் விதைத்த வயலில் இறங்கித் தின்னும், விவசாயி அவற்றின் மேல் கை வைக்க முடியாது. இனிமேல் ஊரார் குறிக்கும் பருவத்தில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், மீறி வந்தால் அவரவர் நிலத்தில் அவரவர் கொல்லலாம் என்றது ஆணை. அடுத்து வேட்டை உரிமை, அப்புறம் தேவாலயத்துக்குக் கொடுக்கும் தசமபாகம். போர்வீரனின் பிரமாணத்தை அதில் தேடினாலும் கிடைக்காது. வழக்கறிஞர் மேசையில் கிடந்த சொல் வயல்காட்டுக் கோபத்தின் சொல்லாகிவிட்டது. ('அடியோடு' என்று எழுதினார்களே தவிர, நிலத்தின் மேலிருந்த பல கடமைகளைப் பணம் கட்டித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. ஈடு இல்லாமல் அவை ஒழிந்தது 1793 ஜூலையில்.)

அடுத்த கை மார்க்ஸ். அவருக்கு இது வரலாற்றின் ஒரு கட்டம். நிலத்தைத் தன் கையில் வைத்து உழுகிற குடியானவனிடம் மேலே இருப்பவர் வற்புறுத்தி உபரியைப் பறிக்கும் முறை. தமிழுக்கு இடதுசாரி இயக்கத்தின் வழியாக வந்தது பெரும்பாலும் இந்தப் பொருள்தான். தமிழ்ச் சொல்லையே பிரித்துப் பாருங்கள்: நிலம், பிரபு. பிரமாணமும் போரும் உதிர்ந்து போய் நிலமும் அதை வைத்திருப்பவரும் மட்டும் மிச்சம். காவிரிப் படுகையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பண்ணையார் முகம்தான் நினைவுக்கு வரும், அதில் ஆச்சரியமே இல்லை.

சரி, உங்கள் இரண்டு புத்தகங்களுக்கு வருவோம். ராஜபுத்திரத் தலைவர்களைப் பார்த்து இது ஐரோப்பாவில் இருந்தது போலவே இருக்கிறதே என்று ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட் 1829இலேயே எழுதிவிட்டார். ஆனால் இன்று நாம் படிக்கும் விவாதம் 1965இல் வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா எழுதிய நூலிலிருந்து சூடு பிடித்தது. பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் வரி உரிமையோடு நிலக்கொடை, நகரமும் வணிகமும் சுருங்குதல், குடியானவன் நிலத்தோடு கட்டப்படுதல், இவற்றை வைத்து அவர் இந்தியாவுக்கும் அந்தப் பெயரைக் கொடுத்தார். 1979இல் ஹர்பன்ஸ் முகியா மறுத்தார். இங்கே உழவன் தன் உற்பத்தியைத் தானே நடத்தினான், ஐரோப்பியப் பண்ணையடிமையின் நிலை வேறு என்பது அவர் வாதம். சோழர்களைப் பொறுத்தவரை நீலகண்ட சாஸ்திரி 1930களில் வலுவான மத்திய நிர்வாகத்தைக் கண்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் ஆப்பிரிக்கச் சமூகம் ஒன்றை ஆராய்ந்தவர் உருவாக்கிய கருத்தைக் கொண்டுவந்து, இது துண்டு துண்டான அதிகாரம் என்றார். கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணியே பார்க்க உட்கார்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அவர்களுடையது.

இதற்கிடையில் ஐரோப்பிய வரலாற்றை எழுதுகிறவர்களே அந்தச் சொல்லைக் கைவிடத் தொடங்கினார்கள். 1974இல் எலிசபெத் பிரவுன், 1994இல் சூசன் ரெனால்ட்ஸ் இருவரும் இது பிற்காலத்தார் கட்டிய சட்டகம், இடைக்காலத்தைப் பார்க்க விடாமல் மறைக்கிறது என்று விரிவாக எழுதினார்கள். நமக்கு அது பொருந்துமா என்று நாம் இங்கே அடித்துக்கொண்டிருக்கும்போது, அது பிறந்த வீட்டிலேயே அதற்கு இடம் இல்லை என்றாகிவிட்டது.

தாத்தாவுக்கு என்ன பெயர் என்றா கேட்டீர்கள்? அவர் இருந்தது ரயில் ஏறிப்போகும் நெல்லின் காலம், ஆங்கிலேயர் போட்ட வரியின் காலம். பரம்பரை நில உரிமையைச் சொல்லும் 'மிராசு' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது, சோழர் கல்வெட்டில் அதற்கு நீங்கள் பார்க்கப் போவது 'காணி'. அதனால் ராஜராஜன் காலத்திலிருந்து அப்படியே நீண்டு வந்த ஒரே முறைமை அவர் தலையில் விழுந்தது என்று எழுதினால் அது தவறு. தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல், அதற்கு முன்னால் நடந்த போராட்டத்தில் கையில் இருந்த சொல் 'நிலப்பிரபுத்துவம்'. உங்கள் வீட்டார் அதை விட வேண்டிய அவசியமே இல்லை, அது அவர்கள் சம்பாதித்த சொல். தேர்வில் மட்டும் யாருடைய வரையறை என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் 'இருந்தது', 'இல்லை' இரண்டில் எதை எழுதினாலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

கேள்வி: 1688இல் இங்கிலாந்தில் அரசர்தானே மாறினார்? அதை ஏன் புரட்சி என்கிறார்கள்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்போது 'ரெவல்யூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சுற்றி வருதல் என்ற பொருள் இன்னும் உயிரோடு இருந்தது. 1543இல் கோபர்நிகஸ் தன் நூலின் தலைப்பில் வைத்த 'ரெவல்யூஷன்' கோள்களின் சுழற்சிதான். 1688க்குச் சில பத்தாண்டு முன்னால் அரசரிடமிருந்து நாடாளுமன்றத்துக்கும் கிராம்வெல்லுக்கும் போன அதிகாரம் கடைசியில் அரசரின் மகனிடமே திரும்பியதைப் பார்த்துவிட்டு, தத்துவஞானி ஹாப்ஸ் அந்த இருபது வருடத்தை வட்டமான சுழற்சி என்றே எழுதினார். 1688காரர்களும் தங்கள் பழைய உரிமைகள் திரும்ப வந்துவிட்டன என்று நம்பினார்கள். பழையதை அழித்துப் புதியதைத் தொடங்குவது என்ற பொருள் 1789க்குப் பிறகுதான் நிலைத்தது, அந்தப் பொருளை மனதில் வைத்து 1688ஐப் பார்ப்பதால்தான் உங்களுக்கு உறுத்துகிறது.

தமிழில் 'புரட்சி' புரள்வதிலிருந்து வந்தது, மேல் கீழாவது. ஆனால் பாரதி ரஷ்யாவைப் பார்த்து 'யுகப்புரட்சி' என்று பாடியபோது கலி விழுந்து கிருதயுகம் எழுகிறது என்றார். கிருதயுகம் புதிதாக வருவதில்லையே, திரும்பி வருவது! உலகமே புத்தம் புதியது என்று கொண்டாடிய ஒரு நிகழ்ச்சிக்கு அவர் பழைய சக்கரத்தின் கணக்கைக் கொடுத்திருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டில் 'நாடு' என்று வருகிறது. சோழ நாட்டைச் சொல்கிறதா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: பெரும்பாலும் இல்லை. சோழர் கல்வெட்டில் தனியாக 'நாடு' என்று வந்தால் பல ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுப்பராயலு 1973இலேயே அவற்றை வரைபடத்தில் குறித்துக் காட்டியிருக்கிறார். அதற்கும் முந்தைய புறநானூற்றில் 'நாடா கொன்றோ காடா கொன்றோ' என்று ஔவையார் பாடும்போது நாடு என்பது காட்டுக்கு எதிர், ஆள் வாழ்ந்து உழுகிற நிலம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 'பாண்டிய குலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்' என்று வெட்டி வைத்திருப்பதைப் பாருங்கள், அப்படியே முகவரி எழுதுவது போல. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருகிறார். வளநாடு என்பது பல நாடுகள் சேர்ந்த பெரிய பிரிவு, கூற்றம் என்பது நாட்டுக்குச் சமமான வட்டாரம்தான்.

நீங்கள் பஸ் ஏறும் ஒரத்தநாட்டில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்வெட்டில் அடுத்த வரியில் 'நாட்டோம்' என்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த வட்டாரத்து நிலக்காரர்கள் கூடி உட்கார்ந்து, 'நாங்கள்' என்று தங்கள் பெயரில் பேசுகிறார்கள்.