வாசகர் கேள்வி: ஸ்பானிஷ் ஆஸ்பத்திரிக்குள் வழி கேட்பது எப்படி?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக மாட்ரிட் போகிறேன். மருமகன் வேலைக்குப் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்குள் நான்தான் அலைய வேண்டும். லிஃப்ட், கழிப்பறை, பிரசவ அறை எங்கே என்று ஸ்பானிஷில் கேட்க என்ன படித்துக்கொண்டு போகட்டும்?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கேட்க ஒரு வாக்கியம் போதும் அம்மா. 'பெர்தோனே, தோந்தே எஸ்தா எல் அஸென்ஸோர்?' என்றால் 'மன்னிக்கணும், லிஃப்ட் எங்கே?' 'தோந்தே'யின் முதல் எழுத்தை 'தயவு' என்பதன் 'த' போலச் சொல்லுங்கள். 'டோண்டே' என்று ஆங்கில வாடையில் சொன்னால் காதுக்கு உறுத்தும். லிஃப்ட் என்ற இடத்தில் 'எல் பாஞ்யோ' என்று மாற்றினால் கழிப்பறை. ஆனால் பலகையில் 'அஸேயோஸ்' அல்லது 'ஸெர்விஸியோஸ்' என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். பிரசவ அறைக்கு 'எல் பாரிதோரியோ'. நோயாளி தங்கும் அறை 'லா அபிதஸியோன்'. அதன் எண்ணை வாயால் சொல்லித் தடுமாறாமல் சீட்டில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

உண்மையான சிரமம் பதிலில்தான். கேட்டவுடன் படபடவென்று சொல்வார்கள். அதனால் பதிலில் வரும் சொற்களை முதலில் படியுங்கள்: 'ஆல் ஃபோந்தோ' என்றால் கடைசியில், 'பஸீயோ' என்றால் வராந்தா, 'ஸூபா' ஏறுங்கள், 'பாஹே' இறங்குங்கள், 'தோதோ ரெக்தோ' நேராக. 'அ லா தெரேச்சா' வலப்பக்கம். இடப்பக்கத்துக்கு 'அ லா இஸ்கியெர்தா'. மாட்ரிட்காரர் வாயில் அது 'இத்கியெர்தா' போலக் கேட்கும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்து மாட்ரிட்டில் வேலை செய்பவர்கள் பலர். அவர்கள் 'தெரேச்சோ' என்றால் நேராகப் போங்கள் என்று பொருள். கடைசி எழுத்து 'சா'வா 'சோ'வா என்பதில் திசையே மாறிவிடும். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் கையை நீட்டி 'போர் அகீ?' (இந்த வழியா?) என்று கேளுங்கள். 'ஸீ' (ஆமாம்) அல்லது 'நோ' (இல்லை) என்று பதில் வரும். அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. எல்லாக் கேள்வியையும் இப்படி முடிப்பதே நல்லது.

மாடிக் கணக்கு நம் ஊர்க் கணக்குதான். தரைத்தளம் 'ப்ளாந்தா பாஹா', லிஃப்டில் 0. அதற்கு மேல் முதல் மாடி, கீழே -1. மகள் வீடு பழைய கட்டடமாக இருந்தால் மட்டும் கவனம்: சிலவற்றில் தரைத்தளத்துக்கும் 'முதல்' மாடிக்கும் நடுவே 'எந்த்ரெஸுவேலோ', 'ப்ரின்ஸிபால்' என்று தளங்கள் வரும். கதவில் 'தீரார்' என்றிருந்தால் இழுக்க வேண்டும், 'எம்புஹார்' என்றால் தள்ள வேண்டும்.

புறப்படுமுன் நாலு ரோடு பக்கம் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஏறி, லிஃப்டிலிருந்து பில் போடும் இடம் வரை ஒவ்வொரு திருப்பத்துக்கும் 'ரெக்தோ', 'தெரேச்சா', 'இஸ்கியெர்தா' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடங்கள். சொல்லைக் கேட்டதும் உடம்பு தானாகத் திரும்பும் வரை பழகுங்கள்.